அந்தப் படிப்பில் வேலை இருக்கிறதா?

அம்மா, உங்கள் மகள் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர்களை ஆராயப் போகிறேன் என்கிறாள், ‘இதைப் படித்தால் சோறு போடுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதலில் அவளை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழப் பாதி இப்படித் திரும்ப வரும் தொடர்கள்தான். 4ஆம் குரோமோசோமில் ஹன்டிங்டின் என்றொரு மரபணு. அதில் சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும். 26 முறை வரை வந்தால் பயமில்லை. 40ஐத் தொட்டால் நரம்பைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் பிற்காலத்தில் வரும். எண்ணிக்கையில் நாலைந்து பிசகினாலும் ஒரு குடும்பத்துக்குத் தவறான பதில் போய்விடும். சிக்கல் என்னவென்றால், பரவலாகப் பயன்படும் கருவிகள் டிஎன்ஏவைச் சுமார் 150 எழுத்துத் துண்டுகளாக வாசிக்கின்றன. துண்டு முழுக்க சிஏஜியாகவே இருந்தால், மொத்தம் 50 முறையா 120 முறையா என்று அந்தத் துண்டு சொல்லாது. போதாக்குறைக்கு, டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் பிசிஆர் முறையில் நகலெடுக்கும்போதே நொதி வழுக்கி ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோ விடும். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் வந்த பிறகுதான், 2022இல், விட்டுப்போயிருந்த 8 சதவீதப் பகுதியும் சேர்ந்து மனித மரபணுத் தொகுதியின் வாசிப்பு முழுமையானது. கருவி சொல்வதை அப்படியே நம்பாமல் சரிபார்க்கத் தெரிந்த ஆள் இங்கே தேவை.

‘திரும்பும் தொடர் வல்லுநர்’ என்று விளம்பரம் வராது. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியால் ஆராய்வது), மரபணுப் பரிசோதனைக்கூடம், மருந்து ஆராய்ச்சி என்ற பெயர்களில் வரும். தடய அறிவியலில் ஆளை அடையாளம் காண்பதும் இத்தகைய குறுந்தொடர்களை வைத்துத்தான். ஆராய்ச்சியே வேண்டுமென்றால் பிஎச்டி வரை போக வேண்டியிருக்கும், அதற்கு நீங்களும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எனக்குள்ள கவலை வேறு. உயிரியல் பிள்ளைகள் பலர் கோடிங் என்றாலே ஒதுங்குகிறார்கள். பைத்தான், லினக்ஸ், புள்ளியியல் மூன்றையும் அவள் தட்டிக் கழிக்கக் கூடாது. சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். பல நாட்டு மக்களின் டிஎன்ஏவை வாசித்துப் பொதுவில் வைத்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அந்தத் துண்டுகளைத் திரையில் பார்க்க உதவும் ஐஜிவி மென்பொருளும் இலவசம். அந்த ஹன்டிங்டின் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு துண்டிலும் சிஏஜி எத்தனை என்று அவளைக் கையாலேயே எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் ‘இந்தத் துண்டு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை’ என்று கேட்டுக்கொண்டிருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.