பர்கூர் அரசுக் கல்லூரியா, சென்னை நிகர்நிலைப் பல்கலைக்கழகமா? பாலக்கோட்டுத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 84 பெற்றிருக்கும் தங்கள் மகளின் பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃப், கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் கூட்டினால், 200க்கு 172. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைக்கக்கூடும் என்று பள்ளி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். சென்னைக்கு அருகிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கல்விக் கட்டணத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருவதாக அழைக்கிறது. "பல்கலைக்கழகம் பெரிதா, கல்லூரி பெரிதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இந்தக் கேள்வியையே சற்றுத் திருத்திக்கொள்வோம். 1994இல் தொடங்கப்பட்ட பர்கூர் கல்லூரி தன்னாட்சி பெற்றது. அதாவது பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே நடத்தும், பட்டத்தை அண்ணா பல்கலைக்கழகம் வழங்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பட்டத்தைத் தானே வழங்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கும்வரை இரண்டும் சட்டப்படி செல்லும் பட்டங்களே. ஆகவே, தாங்கள் எடைபோட வேண்டியவை பெயர்ப்பலகைகள் அல்ல. மகள் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கப்போகும் அந்த ஒரு துறையும், அதற்காகத் தங்கள் வீடு சுமக்கப்போகும் கடனும்தான்.

கடனிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் தங்கள் கடிதத்தில் அது கடைசி வரியில் ஒதுங்கி நிற்கிறது. கட்டணம் நான்கு ஆண்டுகளுக்குப் பத்து லட்சம். தாங்களே எழுதியுள்ள கணக்கின்படி விடுதிக்கும் உணவுக்கும் இன்னும் ஐந்து லட்சம். இதில் பத்து லட்சத்தை வங்கியில் வாங்கி, வட்டி பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால்கூட, முழுத் தொகையும் கைக்கு வந்த பிறகு அசலில் ஒரு ரூபாய் குறையாமலேயே ஆண்டுக்கு ஒரு லட்சம் வட்டிக்கு மட்டும் போகும். ஏழரை லட்சத்தைத் தாண்டும் கடனுக்கு வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும் என்பதால், தக்காளி விளையும் அந்த இரண்டு ஏக்கரின் பத்திரம் வங்கிக்குப் போக நேரிடலாம். பாலக்கோடு மண்டியில் ஒரு தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போகும் என்பது காலையில் ஏலம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. அந்த வருமானத்தை நம்பி மாதத் தவணைக்குக் கையெழுத்திடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுபக்கம், தங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லை என்பதால், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். (மகள் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொருந்தாது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியாக இருந்திருக்க வேண்டும்.)

இனி, "இசிஇ படித்தால் ஐடி வேலை கிடைக்காதே" என்ற அச்சம். மென்பொருள் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரும்போது பெரும்பாலும் இசிஇ மாணவர்களையும் சேர்த்தே அழைக்கின்றன; நிரல் எழுதத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கின்றன. அதற்கு மேலும் ஒரு கதவு பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே திறந்திருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவை நெடுங்காலமாக இருக்கின்றன. ஓசூர் அருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை ஆகியவை அண்மையில் வந்தவை. மின்னணுவியல் படித்த பிள்ளைக்கு இந்த ஊர்ப்பக்கம் இடமில்லை என்று இன்று சொல்ல முடியாது.

இதனால் அரசுக் கல்லூரி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சேரலாம் என்று பொருளல்ல. விடுமுறையில்லாத ஒரு நாளில், மகளை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் பேருந்து மாறிப் பர்கூருக்குப் போய் வாருங்கள். முகப்புக் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். முற்பகல் பதினொரு மணிக்கு ஆய்வகத்தைப் பாருங்கள். முன்பொரு முறை ஒரு பெற்றோருடன் வேறொரு கல்லூரிக்குப் போயிருந்தேன். வரிசையாக இருபது ஆசிலோஸ்கோப்புகள் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவிகள்), எல்லாவற்றின் மீதும் வாங்கியபோது சுற்றிவந்த பிளாஸ்டிக் உறை, அதன் மேல் விரலால் பெயர் எழுதலாம் போல் தூசி. அந்த அறையில் நின்ற ஐந்து நிமிடங்களில் தெரிந்துகொண்டதை அவர்களுடைய வண்ணக் கையேட்டின் அறுபது பக்கங்கள் சொல்லவில்லை. துறையில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலி என்பதை அலுவலகத்தில் கேட்காதீர்கள்; உணவு விடுதி வாசலில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவியைக் கேளுங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தில் உள்ள 40 லட்சம் ரூபாய் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்வி நிறுவனங்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுநிலைச் சம்பளம் எவ்வளவு என்ற விவரத்தைத் தத்தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் சம்பளமே நடுநிலைச் சம்பளம். உச்சச் சம்பளத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். கேட்டிருக்கும் துறைக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நாக் (தேசிய தர மதிப்பீட்டுக் குழு) தரும் தரம் நிறுவனம் முழுவதற்கும் உரியது, என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது.

என் கருத்து பர்கூர்தான். அந்தப் பல்கலைக்கழகம் கட்டணத்தில் பெரும்பகுதியை உதவித்தொகையாகத் தள்ளுபடி செய்து, நான்கு ஆண்டுகளுக்கும் அது தொடரும் என்று எழுத்தில் தந்தால் மட்டுமே மறுபடி யோசிப்பேன். விருப்பப் பட்டியலில் பர்கூர் கம்ப்யூட்டர் சயின்ஸை மேலேயும் இசிஇயை அதற்கு அடுத்தும் வையுங்கள். இசிஇ ஒதுக்கீடானால் ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருக்கலாம். ஆனால் மேலேயுள்ள இடம் கிடைத்துவிட்டால் கீழேயுள்ளது தானாகவே கைவிட்டுப் போகும் என்பதால், மகள் மனதார விரும்பும் வரிசையே பட்டியலின் வரிசையாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் முன்பணமும் அசல் மதிப்பெண் சான்றிதழும் வேண்டும் என்று தொலைபேசியில் அவசரப்படுத்தும் அந்தப் பல்கலைக்கழகத்தின் முகவருக்கு இப்போது எதுவும் தர வேண்டாம். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமே தவிர நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது. விலகுவோருக்கு, விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். அந்த விதிகள் நிறுவனத்தின் கணக்கில் ரசீதோடு கட்டிய பணத்துக்குப் பொருந்தும், முகவர் கையில் கொடுத்த பணத்துக்கு அல்ல. கலந்தாய்வில் மகளுக்கு என்ன ஒதுக்கீடாகிறது என்று தெரிந்த அன்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர், கிருஷ்ணகிரி