ரேங்க் வந்துவிட்டது, இடம் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு 181.5. தரவரிசைப் பட்டியல் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் இயல்பாகப் பேசிக்கொள்வதில்லை. அவள் கைபேசியை விட்டு நகர்வதே இல்லை. "எதற்கு வம்பு, முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைப் பிடித்துவிடுவோம்" என்கிறார் என் கணவர். நாத்தனார் தினமும் தொலைபேசியில் விசாரிக்கிறார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெற்றதில்லை. இந்த நாட்களை எப்படிக் கடப்பது?
- வாசகி, விருதுநகர்

பதில்: இனி நம் கையில் ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் உங்கள் வீட்டை இப்படிப் புழுக்கத்தில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையில், முக்கியமான ஒரு வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் எந்த வரிசையில் எழுதுவது என்பதே அது. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருக்குக் கிடைக்கக்கூடியவற்றுள் முதலில் வரும் இடத்தைக் கணினி ஒதுக்குகிறது. ஆகவே, கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் எழுதிவிட்டதால், முப்பதாவதாக எழுதிய கல்லூரியில் உங்கள் மகளுக்குள்ள வாய்ப்பு சிறிதும் குறைந்துவிடாது. "கிடைக்காததை எழுதி வீணாக்காதே" என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் பதியலாம் என்றிருக்கும்போது, பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து.

பட்டியலின் வரிசை மகளுடையதாக இருக்கட்டும். ஆனால் எவ்வளவு செலவிட முடியும், விடுதியில் தங்கிப் படிக்க அனுப்புவீர்களா, கோயம்புத்தூர் வரை சம்மதமா என்பவற்றை நீங்களும் உங்கள் கணவரும் அவள் பட்டியலை இறுதிசெய்து பூட்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை உறுதிசெய்ய ஓரிரு நாட்களே கிடைக்கும். ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலுள்ள இடத்துக்காகக் காத்திருப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய அந்த நேரத்தில், "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது" என்ற பேச்சு முதன்முறையாக எழுந்தால், அதுவரை பொறுமையாக இருந்த பெண்ணும் உடைந்துபோவாள். இன்னொன்றையும் கவனியுங்கள். மேலுள்ள இடம் கிடைத்துவிட்டால் முன்பு ஏற்ற இடம் தானாகவே கைவிட்டுப் போகும் என்பதால், மனமில்லாத கல்லூரி எதையும் பட்டியலில் மேலே வைக்கக் கூடாது.

உங்கள் கணவரின் அச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்லும் வழி உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கு உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அதை இழப்பீர்கள். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டைக் கலந்தாய்வுக்கே ஒப்படைக்கின்றன என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இடம் தருவதற்கு நன்கொடை கேட்பது 1992ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். எங்காவது முன்பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றால், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். அசல் சான்றிதழ்களையும் அங்கே விட்டுவர வேண்டாம். வகுப்பு தொடங்குமுன் விலகும் மாணவருக்கு, 1,000 ரூபாய்க்கு மிகாத தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், சான்றிதழ்களை நிறுத்திவைக்கக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. விதி அப்படி இருந்தாலும், கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க அலைகிற அலைச்சல் வேறு.

நாத்தனார் அழைக்கும்போது நீங்களே எடுத்துப் பேசுங்கள். மகளிடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கும் என் அண்ணன் மகனுக்கும் ஒரே கட்-ஆஃப். ஆனால் ரேங்கில் என் மகன் பின்தங்கியிருக்கிறான். விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி தரும் ரேண்டம் எண் சரியாக அமையாததுதான் காரணமா?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: அநேகமாக இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் சமமாக இருக்கும்போது, முதலில் கணித மதிப்பெண்ணும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் ஒப்பிடப்படும். மதிப்பெண் எதிலும் வேறுபாடு இல்லையென்றால் வயதில் மூத்தவர் முந்துவார். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ரேண்டம் எண் பார்க்கப்படும். அப்போது பெரிய எண் உடையவருக்கு முன்னுரிமை. அண்ணனிடம் பேசுவதற்கு முன், இருவரின் கணித மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.