சூட்டில் ஸ்டார்ட் ஆகாத லாரி: பட்டறை கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடையது இன்லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப்) வைத்த பழைய பத்துச் சக்கர லாரி, ஆறு சிலிண்டர். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. லோடோடு ஓடிவந்து டீக்கடையில் நிறுத்திவிட்டு எடுத்தால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தொப்பூர் ஏற்றத்தில் இழுவையும் குறைந்துவிட்டது. பம்பில் ஆறு எலிமென்ட்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
- சங்ககிரி வாசகர்

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இழுவை குறைந்ததை வைத்து அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு அடைத்துப்போன ஃபில்டர் போதும். டேங்க் மூடியின் காற்றுத் துளையில் மண் ஏறியிருந்தாலும் போதும். பம்பைச் சந்தேகிக்க வைப்பது அந்த டீக்கடை விஷயம்தான்.

எலிமென்ட் என்றால் டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர் தண்டும், அது உள்ளே ஏறி இறங்கும் பேரல் குழாயும் சேர்ந்த ஜோடி. நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். டீசலோடு வந்த தூசியும் தண்ணீரும் அதைத் தேய்த்துவிட்டால், அழுத்தம் ஏறும்போது டீசல் பக்கவாட்டில் நழுவும். ஆறிய டீசல் சற்றுக் கெட்டி என்பதால் காலையில் சமாளித்துவிடும். சூட்டில் நீர்த்துப்போகும். செல்ஃபில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் நழுவ நேரமும் கிடைக்கும். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் திறக்கிற அழுத்தமே வராது. கம்ப்ரஷன் போன வண்டி இதற்கு நேர் எதிர், காலைக் குளிரில்தான் அடம்பிடிக்கும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை சூட்டில் மக்கர் செய்தால், நனைத்த துணியைப் பம்ப் மேல் போட்டு கால் மணி நேரம் விடுங்கள். பிறகு சட்டென்று பிடித்தால் எலிமென்ட் மேல் சந்தேகம் பலமாகிறது. இன்னொரு நாள் துணி போடாமல் அதே நேரம் காத்திருந்தும் பாருங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். சிலர் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றுவார்கள். வேண்டாம், சுடும் பம்பில் பிளஞ்சர் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஓஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். குமிழி வந்தால் காற்று இழுக்கிறது, அதைச் சரிசெய்யாமல் பம்பைத் தொடக் கூடாது. டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் ஆயிலே பம்புக்கும் போகிற அமைப்பில், நழுவிய டீசல் ஆயிலில் கலந்து மட்டம் ஏறும், ஆயிலில் டீசல் வாடை அடிக்கும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்தாலும் இப்படி ஆயிலில் டீசல் கலக்கும் என்பதால், செலவு குறைந்த அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் பம்ப் மேலேயே நின்றால், பிரிப்பதற்கு முன் பம்பைச் சுற்றவிட்டுச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றச் சொல்லி நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் வேகமாகச் சுற்றவிட்டு, ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் சமமாக விழுவதைத்தான் காட்டுவார்கள். வேகத்தில் டீசல் நழுவ நேரம் ஏது? தேய்ந்த பம்பும் நல்ல பம்ப் மாதிரியே காட்டும். செல்ஃப் வேகத்தில், அதாவது பம்ப் நிமிடத்துக்கு நூறு சுற்று அளவில் சுற்றும்போது எவ்வளவு விழுகிறது என்று கேளுங்கள். அங்கே அளவு கம்பெனி அட்டவணைக்குக் கீழே கிடந்தால் எலிமென்ட்டை மாற்றுங்கள். "காலிபரேஷன் செய்தால் போதும், டீசலைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஏற்றத்தில் இழுக்கும், கரும்புகை தள்ளும், மைலேஜ் போகும், டீக்கடையில் மறுபடி செல்ஃப் அடிப்பீர்கள்.

கேள்வி: என் பிஎஸ் 6 வண்டியும் சூட்டில் சண்டித்தனம் செய்கிறது. நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: கூடவே கூடாது. உங்கள் வண்டியில் இருப்பது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் அமைப்பு. அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், கையையே இழக்க நேரிடலாம். ஸ்கேனர் உள்ள இடத்தில் ரெயில் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர்களிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் கோளாறு அந்த இன்ஜெக்டரில், பம்பில் அல்ல.