பீரோவுக்குக் கப்பல் மூக்கு

கேள்வி: நாலு மாதமாகப் படம் வரையப் பழகுகிறேன். ஸ்கேல் இல்லாமல் போட்டால் கோடு நடுங்குகிறது. இரண்டு மறைபுள்ளி (தூரம் போகப் போகக் கோடுகள் போய்ச் சேருகிற புள்ளி) வைத்து எங்கள் வீட்டு பீரோவை வரைந்தேன். எல்லாம் முறைப்படிதான், ஆனால் அடிமூலை கப்பல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: முறையில் தப்பில்லை. புள்ளிகள்தான் நெருக்கம். ஏ4 தாளின் இரண்டு ஓரத்திலும் வைத்திருக்கிறீர்கள். நடுவே 28 செ.மீ. இருக்கும். அதில் பாதி, அதாவது 14 செ.மீ. தள்ளி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அந்த பீரோ ஒழுங்காகத் தெரியும். மூக்கு உரச யார் படம் பார்க்கிறார்கள்? 40 செ.மீ. தள்ளிப் பார்க்கிற படத்துக்குப் புள்ளிகள் 80 செ.மீ.யாவது விலகியிருக்க வேண்டும்.

தாளை மேசை நடுவில் செலோடேப்பால் ஒட்டுங்கள். கண்மட்டக் கோட்டை, அதாவது உங்கள் கண் உயரத்தில் போட்டு இரண்டு புள்ளியையும் வைத்த படுக்கைக் கோட்டை, மேசை மேலேயே இரு பக்கமும் நீட்டி, புள்ளிக்குப் பதில் டேப் துண்டு ஒட்டுங்கள். தையல் நூலை அங்கிருந்து இழுத்துப் பிடித்தால் கோடு போக வேண்டிய திசை தெரிந்துவிடும். வரைந்த பிறகு அஞ்சலட்டையின் மூலையை பீரோவின் முன் அடிமூலைமேல் வைத்துப் பாருங்கள். கோணம் அட்டையைவிடக் குறுகியிருந்தால் புள்ளிகள் இன்னும் விலக வேண்டும்.

கோட்டுக்கு வருவோம். நீங்கள் துண்டுதுண்டாகக் கீறி ஒட்டவைக்கிறீர்கள். படத்தில் அது முடி முளைத்த மாதிரி தெரிகிறது. மணிக்கட்டை ஊன்றி இழுத்தால் நீளக் கோடு வளையத்தான் செய்யும், ஏனென்றால் மணிக்கட்டு ஒரு கீல். முழங்கையைத் தூக்கித் தோளிலிருந்து இழுங்கள். பயிற்சிக்கு, வேறு தாளில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி. தாளைத் தொடாமல் மூன்று நாலு தடவை கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பு. கண் போய்ச்சேர வேண்டிய புள்ளியில் இருக்கட்டும், பென்சில் முனையில் வேண்டாம். புள்ளியைத் தாண்டிப் போனால் போகட்டும், பாதியில் தயங்குவதுதான் நடுக்கம். தினம் இருபது கோடு, பால்பாயின்ட் பேனாவில். ரப்பர் கையில் இருந்தால் கை துணியாது.

இன்னொன்று. உங்கள் படத்தில் பீரோவின் மேல்தட்டு தெரிகிறது. ஆறரை அடி பீரோவை நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தால் கண்மட்டம் தரையிலிருந்து நாலடி போலத்தான் வரும். மேல்விளிம்புகள் புள்ளியை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். மேல்தட்டைக் காட்டியே தீருவேன் என்றால் ஸ்டூல்மேல் ஏறி நின்று வரையுங்கள்.