கோவை, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து யோகாவும் கடற்கரையுமாக, நாலு பேரோடு கூடி வாழ்ந்து பார்க்க, ஒரு மாதம் நிதானமாகத் தங்க எங்கே போகலாம்?

கேரளக் கடற்கரை ஊரான வர்க்கலாவுக்குப் போங்க. கோகர்ணா, கோவா, ஆரோவில் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே மாதத்தில் அத்தனையையும் சுற்றினால் எந்த ஊருக்கும் உங்கள் முகம் பழகாது. நாலு பேரோடு கூடி வாழ்ந்து பார்க்க ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

நம்ம பக்கத்துக்கு வழியும் சுலபம். பெங்களூரு–கன்னியாகுமரி ரயில் சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகத்தான் போகிறது. நள்ளிரவு தாண்டி ஏறிப் படுத்தால் அன்றைக்கே பகலில் வர்க்கலா சிவகிரி நிலையம். அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ.

கடலை ஒட்டிச் செம்புரைக்கல் பாறை செங்குத்தாக நிற்கும். அதன் அடியில் ஊற்றுநீர் கசியும். பாறை அரித்துக்கொண்டே வருவதால் விளிம்பில் உட்காராதீங்க. மேலே வடக்குப் பக்கம் கடைகளும் சத்தமும் அதிகம். அதைத் தாண்டி ஓடயம் கடற்கரை வரை நடந்தால் வீட்டோடு சேர்ந்த அறைகள் கிடைக்கும். முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, நடந்து பார்த்து, சமையலறை உள்ள இடமாக மாத வாடகை பேசுங்க. சமையலறை கட்டாயம் வேண்டும் என்பேன்.

ஏனென்றால் அங்கே உறவு வளர்வது அடுப்படியில்தான். காலை வகுப்பில் பக்கத்துப் பாயில் இருப்பவரோடு பழக்கம் நாள்கணக்கில் ஒரு சிரிப்போடு நின்றுவிடும். நான் ஒரு மத்தியானம் அரிசியும்பருப்பும் ஆக்கி, நெய் ஊற்றி, கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்தேன். அடுத்த நாள் வீட்டுக்காரச் சேச்சி கஞ்சியும் பயறும் கொண்டுவந்து, “மோளே, இதையும் சாப்பிட்டுப் பாரு” என்றார். பிறகு யார் காய் வாங்குவது, யார் பாத்திரம் கழுவுவது என்பதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தபோது வகுப்பே முறைவைத்துப் பார்த்துக்கொண்டது. பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் தேதியை வைத்தே நாளை எண்ணிப் பழகிய எனக்கு, அந்தச் சாவகாசம் பெரிய வரம்.

யோகாவுக்கு ஒரே ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்க. தினம் ஒரு கூடமாக மாற்றினால் ஆசனமும் படியாது, மனிதர்களும் படிய மாட்டார்கள். மணியடித்தபடி ஆசிரமக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் நெய்யாறு அணைப் பக்கம் சிவானந்த ஆசிரமம் இருக்கிறது. ஆனால் அங்கே கடல் இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரை முன்னோருக்குப் பலி இடுகிற இடம். நாம் ஆடி அமாவாசைக்குப் பேரூர்ப் படித்துறைக்கோ பவானி கூடுதுறைக்கோ போவதுபோல், மலையாளிகள் அதே அமாவாசையான கர்க்கடக வாவுக்கு அங்கே கூடுகிறார்கள். காலையில் ஈரத்துணியோடு பிண்டம் வைப்பவர்கள் நடுவே பாய் விரித்து ஆசனம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு ஓடயம் மணலே போதும். டிசம்பர் கடைசியில் வர்க்கலாவில் சிவகிரித் தீர்த்தாடனம் என்ற புனித யாத்திரை. கேரளத் துறவி நாராயண குரு 1928இல் சமாதியான குன்றுக்கு மஞ்சள் உடையில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அறை கிடைப்பது கஷ்டம். நவம்பரிலோ ஜனவரி நடுவிலோ போவது நல்லது. ஜூனில் மழை பிடித்தால் கடல் சீறும், பல கடைகளும் மூடிவிடும். மற்ற மாதங்களிலும் கடலில் ஆளை உள்ளே இழுக்கும் இழுவை உண்டு. சிவப்புக் கொடி நட்ட பக்கம் இறங்காதீங்க.

கிளம்புவதற்கு முன் வேதாத்திரி மகரிஷி வழியில் யோகா சொல்லித் தரும் உங்கள் ஊர் மனவளக்கலை மன்றத்திலோ, பொள்ளாச்சிக்குப் பக்கம் ஆழியாறு அறிவுத் திருக்கோயிலிலோ அடிப்படைப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்க. தமிழிலேயே சொல்லித் தருவார்கள். மூச்சும் உட்காரும் நிலையும் இங்கேயே பழகிவிட்டால், அங்கே ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு முதல் நாளே பிடிபடும்.