பொந்து, பெட்டை, வைரஸ்: அழியும் கிளிகள் பற்றிக் கேள்வி பதில்

உலகில் ஏறத்தாழ 400 கிளியினங்கள் இருக்கின்றன. மக்காவ், காக்கட்டூ, லவ்பேர்ட் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இவற்றில் கால் பங்குக்கும் மேற்பட்டவை பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ளவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரை, கல்லூரி மாணவி: காக்கை, மைனா எல்லாம் பெருகும்போது கிளிகள் மட்டும் ஏன் சார் இப்படிக் குறைகின்றன? காடழிப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாமா?

சொல்லலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கிளியைக்கூடக் காப்பாற்ற முடியாது. பெரும்பாலான கிளிகளுக்குக் கூடு கட்டத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தோ, கிளை முறிந்து உள்ளே உளுத்த ஓட்டையோதான் வேண்டும். அதற்கு மரம் முதிர்ந்திருக்க வேண்டும். பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலத்தில் வாழும் கருநீல ஹையாசிந்த் மக்காவ் பெரும்பாலும் மண்டுவி என்ற ஒரே வகை மரத்தில்தான் முட்டையிடும். அந்த மரம் பொந்து விடும் பருமனுக்கு வளர 60 ஆண்டுகளாவது ஆகும். மேய்ச்சல் மாடுகள் கன்றுகளைத் தின்றுகொண்டே இருந்தால், இன்றைக்குப் பச்சையாகத் தெரியும் காட்டில் நாளைக்குப் பொந்து இருக்காது.

இன்னொன்று, பெரிய கிளிகள் நெடுநாள் வாழும், மெதுவாகப் பெருகும். பெரிய மக்காவ் இரண்டு முட்டை இட்டால் பல நேரம் ஒரு குஞ்சுதான் பறக்கும். இருபது ஆண்டு ஒரு குஞ்சும் பிழைக்காவிட்டாலும் கிழட்டுப் பறவைகள் பறந்துகொண்டுதான் இருக்கும், நாமும் ‘கிளி இருக்கிறதே’ என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆகவே எந்த இனத்தைப் பற்றிப் படித்தாலும் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். முட்டையிடும் பெட்டை எத்தனை, பயன்படும் பொந்து எத்தனை, போன பருவத்தில் பறந்த குஞ்சு எத்தனை என்று தேடிப் பாருங்கள்.

ஈரோடு: அமெரிக்காவில் கூட்டம் கூட்டமாக இருந்த கிளி முற்றாக அழிந்தது என்கிறார்களே, கூட்டமாக இருந்தது எப்படி அழியும்?

கரோலைனா கிளியைச் சொல்கிறீர்கள். பச்சை உடல், மஞ்சள் தலை. கடைசிப் பறவையான ‘இன்காஸ்’ 1918 பிப்ரவரி 21 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. கடைசிப் பயணிப்புறா 1914இல் செத்ததும் அதே காட்சிசாலையில்தான்.

கூட்டமாக இருந்ததே அதற்கு எமனாயிற்று. பழத்தோட்டத்திலும் கதிர்களிலும் இறங்குகிறது என்று விவசாயிகள் சுடுவார்கள். ஒன்று விழுந்தால் மற்றவை ஓடாமல் அதையே சுற்றிச் சுற்றி வரும். நின்ற இடத்திலேயே நின்று கூட்டத்தையே தீர்த்துவிடலாம். ஆற்றோரக் காடுகள் வெட்டப்பட்டன, தொப்பிக்கு இறகு தேவைப்பட்டது, கூண்டுக்கும் பிடித்தார்கள். எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. பாடம் செய்த பறவை ஒன்றின் மரபணுவைப் படித்துப் பார்த்ததில், பல தலைமுறைகளாகக் குறைந்துவந்த இனத்தில் காணப்படும் நெருங்கிய உறவுக் கலப்பின் தடயம் இல்லை. தானாக நலிந்து போகவில்லை, மளமளவென்று ஒழிக்கப்பட்டது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

திருநெல்வேலி: ஆஸ்திரேலியாவில் யாரும் சுட்டுத் தள்ளாமலேயே ஒரு கிளி போய்விட்டதாமே?

பாரடைஸ் கிளி. குவீன்ஸ்லாந்துப் புல்வெளியில் வாழ்ந்தது, கரையான் புற்றைக் குடைந்து முட்டையிட்டது. 1922இல் கூட்டருகே படம் எடுத்திருக்கிறார்கள். உறுதியாகப் பார்த்தது 1927 வரைதான். பிடித்து விற்றதும் உண்டு, ஆனால் முதன்மைக் காரணம் புல். அது புல் விதையை நம்பிய பறவை. மாடுகள் மேய்ந்து, புல்லைக் கொளுத்தும் பழைய முறையும் மாறி, வறட்சியும் சேர்ந்தபோது, விதை பிடிக்கும் முன்பே புல் போயிற்று. மரத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த அழிவு கண்ணில் படாது.

சென்னை: காகாப்போவுக்கு அத்தனை செலவு செய்தும் ஏன் எண்ணிக்கை மெதுவாகவே ஏறுகிறது? பறவைக்குப் பறவை ஆள் போட்டுப் பார்க்கிறார்களே.

நியூசிலாந்தின் காகாப்போ என்ற கிளி பறக்காது, இரவில்தான் நடமாடும். ஆண் நான்கு கிலோ வரைகூட எடை போடும். ஆபத்து வந்தால் அப்படியே அசையாமல் நின்றுவிடும். வானத்திலிருந்து கண்ணால் தேடும் கழுகிடம் அது செல்லும். மோப்பம் பிடித்து வரும் பூனையிடமும் ஸ்டோட்டிடமும் செல்லாது. ஸ்டோட் என்பது முயலைக் கட்டுப்படுத்த ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட சிறிய ஊனுண்ணி. 1890களில் நூற்றுக்கணக்கான பறவைகளை ரெசல்யூஷன் தீவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஸ்டோட் அங்கும் நீந்திப் போய்ச் சேர்ந்தது.

1995இல் மொத்தம் 51 பறவைகள். இன்று பூனை, ஸ்டோட், எலி இல்லாத தீவுகளில் வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ரேடியோ கருவி கட்டிக் கண்காணிக்கிறார்கள். 2022இல் 252 ஆயிற்று. ஆனால் இவை ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. ரிமு மரம் பெருமளவில் காய்க்கும் ஆண்டில்தான், அதாவது இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் இனப்பெருக்கம். இட்ட முட்டையிலும் ஏறத்தாழப் பாதி கருக்கூடாதவை. இது பல தலைமுறை உறவுக் கலப்பின் விளைவு.

முதலில் ஒரு சிக்கல் வந்தது. கூடுதல் தீனி போட்டால் நிறைய முட்டையிடும் என்று பெட்டைகளுக்குத் தாராளமாகப் போட்டார்கள். கொழுத்த பெட்டைகள் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளையே பொரித்தன. தேவைப்பட்டதோ பெட்டை. பிறகு ஒவ்வொரு பெட்டையையும் எடை பார்த்து, முட்டையிடும் முன் தீனியை அளந்து, இட்ட பின்பு கூட்டிப் போட்டார்கள். சமன் திரும்பியது. இப்போது முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் கூட்டில் போலி முட்டையை வைக்கிறார்கள், பொரிந்த குஞ்சைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 2009 முதல் செயற்கைக் கருவூட்டலும் கைகொடுக்கிறது. 2019இல் அதுவரை காணாத அளவுக்கு 70க்கும் மேற்பட்ட குஞ்சுகள் தேறின. அதே பருவத்தில் ஆஸ்பெர்ஜில்லோசிஸ் என்ற பூஞ்சை நோய் நுரையீரலைத் தாக்கி ஒன்பது பறவைகளைக் கொண்டுபோயிற்று.

யாழ்ப்பாணம்: மொரீசியஸ் கிளி நம்ம பச்சைக்கிளிக்குச் சொந்தம்தானே ஐயா? அதைக் காப்பாற்றிய முறையை விரிவாகச் சொல்லுங்கள்.

சொந்தம்தான், பார்வைக்கே தெரியும். எக்கோ கிளி என்பார்கள். 1980களில் பத்துப் பறவை அளவுக்கு வந்துவிட்டது, அதிலும் பெட்டைகள் விரல்விட்டு எண்ணும்படி. இன்று எழுநூறைத் தாண்டிவிட்டது. 2019இல் சிவப்புப் பட்டியலில் ‘பாதிப்புக்குள்ளாகக் கூடியது’ என்ற படிக்கு ஆபத்து குறைக்கப்பட்டது. கிளிகளைக் காப்பாற்றிய கதைகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். ஏனென்றால் வேலை முழுக்கப் பொந்தில் நடந்தது.

பொந்து இருந்த மரத்தைச் சுற்றி எலி மருந்து வைத்தார்கள். குரங்கு தாவாதபடி பக்கத்து மரக்கிளைகளைக் கழித்து, அடிமரத்தில் வழுக்கும் தகடு சுற்றினார்கள். மழைநீர் இறங்கும் பொந்துக்குக் கூரை, அடி உளுத்துப்போன பொந்துக்குப் புது அடித்தளம். குஞ்சின் ரத்தம் குடிக்கும் ஈப்புழுவுக்குக் கூட்டில் பூச்சிமருந்து. காட்டில் தீனி போதாததால், இரண்டு மூன்று முட்டை இட்டாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும், மற்றது பட்டினியில் சாகும். ஆகவே உபரிக் குஞ்சுகளை முன்கூட்டியே எடுத்துக் கையில் வளர்த்தார்கள். அப்படி வளர்ந்தவை பெட்டிக் கூட்டுக்கும் தீனித் தொட்டிக்கும் தயங்காமல் பழகின.

நீங்கள் கேட்ட சொந்தம் இங்கேதான் குறுக்கே வருகிறது. நம் ஊர் பச்சைக்கிளியை 19ஆம் நூற்றாண்டில் மொரீசியஸுக்குக் கொண்டுபோனார்கள். அது காடேறிப் பெருகி எக்கோ கிளியோடு பொந்துக்குப் போட்டி போடுகிறது. அலகு–இறகு நோய் என்ற சர்க்கோவைரஸ் தொற்றும் இரண்டுக்கும் பொது. இறகு உதிரும், அலகு கோணும், நோய் எதிர்ப்பு போகும், குஞ்சுகள் முதலில் சாகும். மருந்து கிடையாது. எச்சத்திலும் இறகுத் தூசியிலும் பரவும், பொந்துக்குள் நெடுநாள் உயிரோடு இருக்கும். 2005 வாக்கில் இது எக்கோ கிளிகளிடம் வெடித்ததும், குஞ்சைக் கூடு விட்டுக் கூடு மாற்றும் வேலையைக் கைவிட வேண்டியதாயிற்று. ஒரு பொந்தில் கைவைத்துவிட்டு அடுத்ததில் வைக்குமுன் கையுறை, ஏணிக்கயிறு, பை, தராசு அத்தனையும் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். உதவி செய்யப் போகிறவரே நோயைக் கொண்டுபோகக் கூடாதல்லவா?

கோவை, பறவை வளர்ப்பவர்: வீட்டில் நாங்கள் இவ்வளவு பெருக்குகிறோமே அண்ணா, அதையே காட்டில் விட்டால் முடிந்ததே?

முடியாது தம்பி. ஸ்பிக்ஸ் மக்காவைப் பாருங்கள். பிரேசிலின் வறண்ட காட்டிங்கா நிலத்தில், ஓடையோரக் கரைபெய்ரா மரங்களை நம்பி வாழ்ந்த நீலக்கிளி. காட்டில் எஞ்சிய ஒரே ஆண், துணை கிடைக்காமல் வேறு இனப் பெட்டையோடு சுற்றியது. 1995இல் அதற்குத் துணையாக ஒரு பெட்டையை விட்டார்கள். சில வாரங்களில் அது காணாமல் போயிற்று. 2000 அக்டோபரோடு அந்த ஆணும் மறைந்தது. ஆனால் கூண்டுகளில் இனம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து 2020இல் 52 பறவைகளைக் கொண்டுவந்து, பழக்கி, 2022 ஜூனில் எட்டை வெளியில் விட்டார்கள். கூடவே காட்டில் பழகிய வேறு இனமான இலிகர் மக்காவ்கள் எட்டையும் விட்டார்கள், காட்டில் எதைத் தின்பது, பருந்தைக் கண்டால் எப்படிப் பதுங்குவது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. 2023இல் காட்டிலேயே குஞ்சும் பொரித்தது. 2025இல் அந்தக் கூட்டத்தில் மேலே சொன்ன அதே சர்க்கோவைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனை முன்னேற்பாடு செய்தவர்களுக்கே இந்த நிலை.

அமெரிக்காவின் அரிசோனாவில் 1986 முதல் தடித்த அலகுக் கிளிகளை விட்டார்கள். காட்டில் பிடிபட்டுப் பறிமுதலானவை ஓரளவு தாக்குப்பிடித்தன. கையில் வளர்த்தவை கூட்டத்தோடு சேராமல் தனியே நின்று வல்லூறுகளுக்கு இரையாயின. ஸ்பூனில் ஊட்டி வளர்த்த குஞ்சு மனிதக் கையைத்தான் தேடும்.

சேலம்: ஆப்பிரிக்கன் கிரே வாங்கலாமா? காட்டுக் கிளியா, வீட்டில் பொரித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பின்னணி. 1975க்குப் பிறகு நான்கு பதிற்றாண்டுகளுக்குள் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுச் சாம்பல் கிளிகள் (ஆப்பிரிக்கன் கிரே) பன்னாட்டு வணிகத்தில் கைமாறியதாகக் கணக்கு இருக்கிறது. ஏற்றுமதிக்கு முன்பே, பிடித்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கு வரை செத்திருக்கின்றன. அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கானாவில் 1990களிலிருந்து 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டில், மிகக் கடுமையான முதல் பின்னிணைப்புக்கு 2016இல் மாற்றப்பட்டது. காட்டுப் பறவையை வணிகத்துக்காகச் சட்டப்படி நாடு விட்டு நாடு கொண்டுபோக அதன்பின் வழியில்லை.

வாங்குவதென்றால் காலில் மூடிய வளையம் இருக்கிறதா பாருங்கள். குஞ்சு மூன்று வாரம் அளவில் இருக்கும்போதுதான் அது பாதத்தில் நுழையும். திறந்து மூடும் வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம், அது எதற்கும் சான்றாகாது. இந்தியாவில் இது ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டிய இனம். விற்பவரின் பதிவையும் கைமாற்றத் தாளையும் கேளுங்கள். ‘தாள் பிறகு வரும்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பட்ஜி, காக்கட்டீல், ரோசி முக லவ்பேர்ட் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. பச்சைக்கிளியும் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அது நம் நாட்டுக் காட்டுப் பறவை. வனஉயிரினச் சட்டப்படி கூண்டில் வைப்பதே குற்றம். ஜோசியக் கிளிக்கும் விலக்கு இல்லை.

நாகப்பட்டினம்: டாஸ்மேனியாவில் தாய்ப்பறவையையே தின்னும் விலங்கு இருக்கிறதாமே?

சுகர் கிளைடர். மரத்துக்கு மரம் சறுக்கும் சின்ன விலங்கு, மனிதர்கள் கொண்டுபோய் விட்டது. இரவில் பொந்துக்குள் நுழைந்து, அடைகாக்கும் ஸ்விஃப்ட் கிளிப் பெட்டையைத் தின்றுவிடும். சாவது பெட்டை மட்டுமே என்பதால் ஒரு பெட்டைக்குப் பல ஆண் என்றாகி, மிச்சக் கூடுகளிலும் சண்டைதான். வெளிச்சம் மங்கினால் தானே மூடி, விடிந்தால் திறக்கும் கதவு வைத்த பெட்டிகளைச் செய்து பார்த்தார்கள். பெட்டிக்கு அது சரி. ஆனால் முதிர்ந்த மரங்களை வெட்டிக்கொண்டே இருந்தால் எத்தனைப் பெட்டி மாட்டுவது?

தூத்துக்குடி: எங்கள் ஊரில் மொட்டைப்பனையை எல்லாம் சாய்க்கிறார்கள். கிளிகள் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பச்சைக்கிளி இப்போதைக்கு ஆபத்தில் இல்லை. ஆனால் கேள்வி சரியானது. கொண்டை போன பனை காய்க்காது, பதநீர் தராது, ஆகவே ‘வீண்’ என்று சாய்க்கிறார்கள். கிளிக்கு வேண்டியதோ அதுதான். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்திருக்கிறார்கள். ஊராட்சியிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுமேல் சாயும் மரம், வெட்டியே தீரவேண்டும் என்றால், டிசம்பர் முதல் மே வரை தொடாதீர்கள். அடைகாக்க மூன்று வாரத்துக்குச் சற்று மேல், குஞ்சு பறக்க ஏழு வாரம் ஆகும். வெட்டுமுன் காலையில் அரை மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். பெற்றவை அலகில் தீனியோடு வந்து போனால் உள்ளே குஞ்சு இருக்கிறது. ஆபத்து கொண்டையில் மட்டும் என்றால் பொந்துக்கு மேல் பகுதியை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை நிற்க விடலாம். பெட்டி மாட்டுவதானால் உள்ளளவு 25 செ.மீ. சதுரம், 50 செ.மீ. ஆழம், வாயில் 6 முதல் 7 செ.மீ. குறுக்களவு. பலகை ஒரு அங்குலத் தடிமன் இருக்கட்டும், மெல்லிய ஒட்டுப்பலகையைக் கடித்தே தீர்த்துவிடும். அடியில் தண்ணீர் வடிய நான்கு துளை, நான்கு விரல் உயரம் உளுத்த மரத்தூள். வாயிலுக்கு முன் உட்காரும் குச்சி வைக்காதீர்கள், அது காக்கைக்குத்தான் வசதி. மேற்கு வெயில் நேராக அடிக்காத பக்கம், நான்கு மீட்டருக்குக் குறையாத உயரத்தில், நவம்பருக்குள் மாட்டிவிடுங்கள். முதல் ஆண்டு மைனா குடியேறினால் கலைக்க வேண்டாம், பக்கத்தில் இன்னொன்று மாட்டுங்கள்.