தெளிந்த வைனும் அடியில் தங்கும் மண்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோத்தகிரி வாசகி: ஜூனில் போட்ட பிளம் வைன் டிசம்பரில் நன்றாகத் தெளிந்திருந்ததால் பாட்டில்களில் அடைத்தேன். ஏப்ரலில் பார்த்தால் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் வெண்மையான மண்டி. இரண்டு பாட்டில்களில் தக்கை தானாகவே வெளியே வந்துவிட்டது. எங்கே பிழை?

உங்கள் வைன் தெளிந்திருந்தது. ஆனால் நொதித்து முடிந்திருக்கவில்லை. மலையில் வைன் போடுகிறவர்கள் முதலில் உணர வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். ஈஸ்ட் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான வகைகள் சோர்ந்து அடியில் படிந்துவிடும். நீலகிரியின் உறைபனிக் காலத்தில், சர்க்கரை மிச்சமிருக்கும்போதே குமிழ்கள் நின்று, வைன் தெளிந்து, எல்லாம் முடிந்துவிட்ட தோற்றத்தைத் தருவது இதனால்தான். தெளிந்த வைனிலும் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் செல்கள் மிதந்துகொண்டிருக்கும். மார்ச்சில் வெயில் ஏறியதும் அவை மூடிய பாட்டிலுக்குள் மிச்சச் சர்க்கரையைத் தின்று பெருகி, கரியமில வாயுவை வெளியிட்டு, பின்பு மண்டியாகப் படிகின்றன. தக்கை கழன்றது நல்லதாயிற்று. இறுக்கமான திருகுமூடி போட்டிருந்தால் பாட்டிலே வெடித்திருக்கும்.

மீதமுள்ள பாட்டில்களைக் குளிரவைத்து, தடித்த துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லத் திறந்து, வைனை மீண்டும் பெரிய கண்ணாடி ஜாடியில் சேர்த்து, வாயு வெளியேறும் வகையில் மூடி, வெப்பமான சமையலறையில் வையுங்கள். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரில் அளவு 1.000 அல்லது அதற்குச் சற்றுக் கீழே இறங்கி, இரண்டு வாரம் மாறாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது என்று கொள்ளலாம். குளிரில் எடுத்த அளவு மாறாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. பால் பார்க்கும் லாக்டோமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவுகோல் வேறு. வைன் இனிப்பாக வேண்டும் என்பவர்கள் பரிமாறும் நேரத்தில் சர்க்கரைப்பாகு சேர்ப்பதே பாதுகாப்பானது.

குன்னூர் வாசகர்: ஜாடியில் தெளிவாக இருக்கும் வைன், பாட்டிலுக்கு மாற்றும்போது கலங்கிவிடுகிறது. மஸ்லின் துணியில் வடிகட்டியும் பயனில்லை.

துணியால் பயன் இருக்காது. ஈஸ்ட் செல் ஒன்றின் அளவு ஏறத்தாழ 5 மைக்ரான்; எந்தத் துணியின் இழைகளுக்கு இடையிலும் அது எளிதாகப் புகுந்துவிடும். தவிர, துணி வழியே ஊற்றும்போது வைனில் காற்று கலந்து, சுவை கெடவும் காடியாகப் புளிக்கவும் வழி ஏற்படுகிறது. தெளிய வைத்து இறுத்தல் என்னும் பழைய முறைக்கு ஈடாக வேறொன்றில்லை.

ஜாடியை முந்தைய நாளே மேசைமேல் ஏற்றிவிடுங்கள். தூக்கும்போது கலங்கியது இரவுக்குள் படிந்துவிடும். கொதித்து ஆறிய நீரை ஒரு சுத்தமான குழாயில் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் மூடிக்கொண்டு, ஒரு முனையை மண்டிக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்குமாறு ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டி வைனுக்குள் இறக்குங்கள். மறு முனையைக் கீழே பிடித்துத் திறந்தால் முதலில் நீர் வரும்; அதை வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டுப் பிறகு பாட்டிலின் அடிவரை குழாயைச் செலுத்துங்கள். வாயால் உறிஞ்சுவது கூடாது. மட்டம் இறங்க இறங்க, மண்டியின் மேற்பரப்பில் மெல்லிய புகை போன்ற ஒரு அசைவு குழாய் வாயை நோக்கி வருவது தெரியும். அந்தக் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். கடைசி அரைக் குவளைக்கு ஆசைப்பட்டுத்தான் பலர் மொத்தத்தையும் கலக்கிவிடுகிறார்கள். பீங்கான் பரணியில் இந்த அசைவு தெரியாது என்பதால், முதல் இறுத்தலிலேயே வைனைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்; ஜாடி கழுத்துவரை நிறைந்திருக்கட்டும்.

லவ்டேல் வாசகி: பீச் பழங்களை வேகவைத்து, பாட்டி சொன்னபடி ஒரு பிடி கோதுமையும் போட்டேன். ஆறு மாதமாகியும் தெளியவில்லை.

இரண்டுமே காரணமாக இருக்கலாம். பழத்தை வேகவைத்தால் அதிலுள்ள பெக்டின் என்னும், ஜாமைக் கெட்டியாக்கும் பொருள் கரைந்து, காலத்தால் தெளியாத மங்கலைத் தரும். கோதுமை மாவுச்சத்தைச் சேர்க்கும். ஒரு கரண்டி வைனில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பாருங்கள், கருநீலமானால் மாவுச்சத்து. சோதித்த அந்தக் கரண்டி வைனைக் கொட்டிவிடுங்கள், குடிக்காதீர்கள். நிறம் மாறாவிட்டால் பெக்டினாக இருக்கக்கூடும். அதைச் சிதைக்கும் பெக்டினேஸ் நொதியை இப்போதும் சேர்க்கலாம், ஆயினும் நொதிக்கும் முன்பே சேர்ப்பதுதான் நன்கு பலன் தரும். அடுத்த முறை பழத்தை வேகவைக்காமல் பிசைந்து போடுங்கள், கோதுமையை விட்டுவிடுங்கள்.

உதகை வாசகர்: கம்பம் பன்னீர் திராட்சையில் செய்த வைனில் கண்ணாடித் துகள் போன்ற படிகங்கள் தென்படுகின்றன. பாட்டில் உடைந்திருக்குமோ?

பாட்டில் விரிசலின்றி இருந்தால் அவை பெரும்பாலும் திராட்சையின் இயல்பான டார்டாரிக் அமிலம், பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிந்த உப்பு. வெந்நீரில் இட்டால் கரையும், கண்ணாடி கரையாது. தீங்கில்லை. பாட்டிலில் அடைக்கும் முன் ஜனவரிக் குளிரில் ஜாடியை வைத்து இறுத்தால், படிகங்கள் ஜாடியிலேயே தங்கிவிடும்.

வெலிங்டன் வாசகர்: வீட்டு பியரிலும் இஞ்சி பியரிலும் மண்டியே இல்லாமல் செய்ய முடியுமா?

முற்றிலும் முடியாது. பாட்டிலுக்குள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்பதால்தான் நுரை கிடைக்கிறது. அந்த ஈஸ்ட் அடியில் படியத்தான் செய்யும். குறைக்கலாம். பியர் முழுவதும் நொதித்துத் தெளிந்த பின், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை மட்டும் கலந்து, அழுத்தம் தாங்கும் பாட்டிலில் அடையுங்கள். இனிப்போடு குடிக்கும் இஞ்சி பியரில் சர்க்கரை எப்போதும் மிச்சமிருப்பதால், அதைப் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி, பாட்டில் விரலுக்கு அமுங்காத நிலை வந்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிச் சில நாட்களில் குடித்துவிடுங்கள். பாட்டில்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, ஒரே சாய்வில், இடையில் நிமிர்த்தாமல், குவளைகளை வரிசையாக வைத்து ஊற்றி, அடியில் அரை அங்குலத்தை விட்டுவிடுங்கள்.